காலிங்பெல்லில் குடியிருந்தவர்

எங்கள் தெருவில் எந்நேரமும் வீட்டைவிட்டு நகராமல் இருந்த ஒரே மனிதர் அவர்தான். அந்த வீட்டில் அவர் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகிற சாலையில் இடதுபக்கம் பிரிந்து, வாய்க்கால் மதகைத் தாண்டினால் எங்கள் தெரு வரும். தெருவிலேயே பெரிய மாடிவீடு அவருடையது. அவர் இருந்தது அமெரிக்காவில், மகன் வீட்டில். ஆனால் ஓர் ஆட்டுக்குட்டி அந்த கேட்டை மோந்து பார்த்தால்கூட, தூணில் கேமராவும் ஸ்பீக்கருமாகப் பதித்திருந்த காலிங்பெல் கனைத்துக்கொண்டு, "ஏய், யாரு அது?" என்று கேட்கும். ஆடு பதில் சொல்லாது. பதில் சொல்லாதவர்களை அவருக்குப் பிடிக்காது. ஆடு போகும்வரை விசாரணை நடக்கும்.

பெல் சார் என்றுதான் தெருவில் அவருக்குப் பெயர். இப்போது அந்த வீட்டை வாங்கியவர்கள் அதையெல்லாம் கழற்றிவிட்டுச் சாதாரண மணி ஒன்றை வைத்திருக்கிறார்கள். மணி அடித்தால் மனிதர்கள் வந்து கதவைத் திறக்கிறார்கள். தெருவுக்கு அது இன்னும் பழகவில்லை.

வீட்டுக்கு உயிர் கொடுக்கும் வேலையை எலெக்ட்ரீஷியன் பாபு செய்தான். பாபு ஏணியில் நின்றான். அவர் பாபுவின் சட்டைப்பையிலிருந்த போனில் நின்றார். ஒவ்வொரு திருகையும் இடமா வலமா என்று அங்கிருந்தே சொன்னார். காலிங்பெல்லைப் பொருத்தி முடித்ததும், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அதன் வழியாகவே முதல் வகுப்பை எடுத்தார்.

"இது ஒண்ணும் மாயமந்திரம் இல்ல. மொதல்ல சென்சார். அதுதான் கண்ணு, காது, மூக்கு. ஆள் வந்தா சொல்லும், கேஸ் கசிஞ்சா சொல்லும், தொட்டி நெறைஞ்சா சொல்லும். ரெண்டாவது ஹப். அது மூளை. சென்சார் சொல்றதக் கேட்டு என்ன பண்றதுன்னு முடிவெடுக்கும். மூணாவது ரிலே. அது கை. லைட்டப் போடும், மோட்டார ஓட்டும், கேட்டத் தொறக்கும். இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்க வைஃபை. அவ்வளவுதாங்க வீடுங்கறது."

"மனுசங்க?" என்று கேட்டாள் என் அம்மா.

பெல் ஒருமுறை கனைத்துக்கொண்டது. "அவங்க ஆப்ஷனல்" என்றது.

அடுப்பே மூட்டாத வீட்டில் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு சென்சார். யாரும் குளிக்காத வீட்டில் தொட்டி நிரம்பினால் ஒரு சொட்டு சிந்தாமல் மோட்டாரை நிறுத்த இன்னொன்று. சாயங்காலமானால் வீட்டில் ஆள் இருப்பதுபோலத் திருடர்களை ஏமாற்றும் ஏற்பாடும் இருந்தது. முதலில் கூடத்து விளக்கு எரியும், பிறகு பூஜை அறை விளக்கு, பிறகு பூஜை அறை ஸ்பீக்கரில் முருகன் பாட்டு, கடைசியில் மாடி விளக்கு. பார்த்தால் யாரோ சாமி கும்பிட்டுவிட்டு மாடிக்குப் படுக்கப் போவதுபோலவே இருக்கும். இவ்வளவு செலவு செய்து உண்டாக்கிய மாயையை அவரே தினமும் கலைப்பார். முன்பின் தெரியாத ஒருவன் கேட்டருகே பைக்கை நிறுத்தினால், "தம்பி, வண்டிய எடுங்க. நான் அமெரிக்காவுலேர்ந்து பேசுறேன்" என்பார். திருடனுக்கு இதற்குமேல் என்ன தகவல் வேண்டும்? ஆனாலும் திருடர்கள் வரவில்லை. அவரோடு பேச வேண்டியிருக்குமே என்று பயந்திருக்கலாம்.

எங்கள் வீடு அவர் வீட்டுக்கு நேர் எதிரே. ஒரு காலத்தில் அது அவர்கள் குடும்பத்துக் களம். அண்ணன் தம்பிகள் ஒவ்வொருவராக மதுரை, சென்னை, அமெரிக்கா என்று போனபிறகு களத்தை பிளாட் போட்டு விற்றார்கள். பேங்கில் வேலை கிடைத்தபின் நான் லோன் போட்டு ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். "நான் நெல்லு தூத்துன எடத்துல இப்ப நம்ம அடுப்படி இருக்கு" என்று அம்மா சொல்வாள். பெருமையாகச் சொல்கிறாளா, சும்மா தகவலாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தில் தெரியாது. அவரை அம்மா ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அவர் காலேஜுக்கு வில்வண்டியில் போனபோது, அம்மா நாற்றுக்கட்டோடு வரப்பில் நின்றிருந்தாள். பார்த்தது முதுகை மட்டும். அந்த வீட்டு வாசலுக்கு எங்கள் ஆட்கள் நேராகப் போனதில்லை. கொல்லைப்பக்கமாகப் போய், கூப்பிட்டுவிட்டு, தள்ளி நிற்க வேண்டும். அவருடைய அப்பா எங்களை 'ஏய்' என்றார். இவர் ஆட்டைத்தான் 'ஏய்' என்றார். எங்களை 'வாங்க, போங்க' என்றார். அமெரிக்கா போனதில் எங்களுக்குக் கிடைத்த மரியாதை.

உள்ளாட்சித் தேர்தல் சமயம் ஒரு வேட்பாளர் கொட்டு மேளத்தோடு வந்தார். விளக்கு எரிவதைப் பார்த்து, பெரிய வீடு, ஓட்டும் பெரிதாக இருக்கும் என்று மணியை அழுத்திவிட்டார்.

"வாங்க, வாங்க. வாய்க்கால எப்ப தூர் வாருனீங்க?" என்றது பெல்.

வேட்பாளர் பெல்லைப் பார்த்துக் கைகூப்பினார். "இந்த வருசம் கண்டிப்பா வாரிருவோங்கய்யா."

"போன வருசமும் வாரலையே. மதகுகிட்ட ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு. தண்ணி எப்படிக் கடைமடைக்குப் போகும்? நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

மேளக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வேட்பாளர் கூப்பிய கையை இறக்காமல், வாய்க்கால், தெருவிளக்கு, குப்பைவண்டி என்று எல்லாவற்றுக்கும் வாக்குறுதி கொடுத்தார். கடைசியில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐயா வீட்டுல எத்தனை ஓட்டுங்க?" என்றார்.

"ஓட்டா? நான் அமெரிக்கன் சிட்டிசன்ங்க" என்றது பெல்.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான் ஸ்கூட்டரில் வந்து இறங்கினால், "என்னம்மா, இன்னிக்கு லேட்டு போலருக்கே?" என்பார். என் கணவர் சீக்கிரம் வந்தால், "தம்பி அப்பவே வந்தாச்சு" என்று என்னிடம் சொல்வார். ஒருநாள் ஆத்திரத்தில் என் நெற்றிப்பொட்டை எடுத்து அந்த கேமரா கண்ணில் ஒட்டிவிட்டேன். அரை மணிநேரம் பெல் ஓலமிட்டது. "யாரோ கண்ணக் கட்டிட்டாங்க! ஏங்க, யாராவது இருக்கீங்களா?" அம்மாதான் போய்ப் பொட்டைப் பிய்த்து எடுத்தாள். "பாவம்டி, மனுசன் தவிச்சுப் போயிட்டாரு" என்றாள். தெரு முழுவதையும் ஒளிந்திருந்து பார்க்கிறவரிடம் பாவம் பார்க்கிற ஒரே ஆள் என் அம்மாதான்.

அம்மாவுக்கு அவர் பேச்சுத்துணையாகிவிட்டார். நாங்கள் வேலைக்குப் போனபிறகு கேட்டருகே போய் நின்று பேசுவாள். இருவருக்கும் சர்க்கரை வியாதி. காலையில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு என்று ஒப்பிட்டுக்கொள்வார்கள். அவருடைய சர்க்கரை கூடினால் அம்மா வெந்தயம் சொல்வாள். அம்மாவுடையது கூடினால் அவர் நடக்கச் சொல்வார்.

அம்மாதான் ஒருநாள் அதைக் கவனித்தாள். "நமக்குப் பகல்னா அவங்களுக்கு ராத்திரியாமே. இவரு நம்மகூட பகலெல்லாம் பேசுறாரே, எப்பத்தான் தூங்குவாரு?"

அவள் அவரிடமே கேட்டுவிட்டாள்.

"தூக்கம் வரலைங்க" என்றாராம் அவர். "இங்க என் மவன் வீடும் இப்படித்தான், எல்லாம் ஆட்டோமேட்டிக். வாயால சொன்னா லைட்டு எரியும். ஆனா நான் சொன்னா எரியாது. என் இங்கிலீஷு அதுக்குப் புரியலையாம். பேரன் சொன்னா எரியுது. ராத்திரி பாத்ரூம் போகணும்னா இருட்டுலதான் தடவிக்கிட்டுப் போறேன்."

இந்தச் சென்சார், ஹப், ரிலே அத்தனையும் எதற்கு என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் புரிந்தது. உலகத்தில் ஒரு சுவிட்சாவது தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். அதற்காக எங்கள் தெருவே அவர் பேச்சைக் கேட்க வேண்டியதாயிற்று.

குறுவை அறுப்பு நேரத்தில் அந்தச் சம்பவம் நடந்தது. ஈரப்பதம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள் என்பதால் தெரு முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. பெல் சார் வீட்டு மதிலோரம் செல்வராசுவின் நெல். செல்வராசு எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், சொந்தமும் குத்தகையுமாக விவசாயம் செய்கிறவர். கேட்டுக்கு முன்னால், குத்தகை நிலத்தில் விளைந்த எங்கள் நெல். அம்மா வெயிலில் காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டவள், இதை முடித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று சோற்றைத் தள்ளிப்போட்டிருக்கிறாள். தலை சுற்றி, கேட்டுத் தூணில் சாய்ந்து, அப்படியே சரிந்துவிட்டாள்.

நான் பேங்கில் இருந்தேன். என் கணவர் மன்னார்குடியில். தெருவில் பாதிப்பேர் அறுப்பு மெஷின் நின்ற வயலுக்குப் போயிருந்தார்கள், மீதிப்பேர் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா சரிந்ததைப் பார்த்த ஒரே ஆள் அமெரிக்காவில் இருந்தார்.

"ஏம்மா! என்ன ஆச்சு? ஏம்மா, எந்திரிங்க!" என்று கத்தியிருக்கிறார். அம்மாவிடமிருந்து முனகல் மட்டும் வந்தது. தெருவைப் பார்த்துக் கத்தினார். அவர் கத்துவதைக் கேட்டு யார் வெளியே வருவார்கள்? நாளெல்லாம் கத்துகிறவர். பாபுவுக்கு போன் போட்டார். பாபு எங்கோ மின்கம்பத்தின் மேல் இருந்தான், எடுக்கவில்லை. வேறு யாருக்குப் போடுவது? தினமும் எங்கள் எல்லாரையும் பார்க்கிறவருக்கு எங்களில் ஒருவரின் நம்பர்கூடத் தெரியாது.

அவரிடம் இருந்தது அந்த வீடு ஒன்றுதான். அதையே எடுத்து ஆட்ட ஆரம்பித்தார்.

முதலில் எல்லா விளக்குகளையும் போட்டார். மண்டையைப் பிளக்கும் வெயிலில் யார் கண்ணில் படும்? கேட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார். பூஜை அறை ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தார். வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்த செல்வராசு, "சாருக்கு இன்னிக்கு பக்தி முத்திப்போச்சு" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னாராம். திருடன் வந்தால் அலறுகிற சைரனை அலறவிட்டார். அணில் ஓடினாலே தினமும் அலறுகிற சைரன் அது. செல்வராசு மோருக்குப் போய்விட்டார்.

கடைசியாக மோட்டாரைப் போட்டிருக்கிறார். தொட்டி ஏற்கனவே நிறைந்திருந்தது. ஒரு சொட்டு சிந்தாமல் நிறுத்துகிற சென்சாரை அணைத்துவிட்டு ஓடவிட்டார். மொட்டைமாடியில் வழிந்த தண்ணீர், குழாய் வழியாக மதிலுக்கு வெளியே கொட்டி, நேராகச் செல்வராசுவின் நெல்லுக்குள் இறங்கியது.

செல்வராசுவின் மனைவி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஐயோ, நெல்லு போச்சு!" என்று அலறினாள். அதற்குத் தெரு எழுந்தது. செல்வராசு சாப்பிட்ட கையோடு ஓடிவந்து, பெல்லைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

"நெல்லு கெடக்கட்டும்யா! கீழ பாரு! தூணுகிட்ட பாரு!" என்று பெல் அழுதது. "சர்க்கரை எடுத்துட்டு வா! அந்தம்மாவுக்கு சுகர் எறங்கிடுச்சு! வாயில சர்க்கரையப் போடு, சீக்கிரம்!"

பெல் அழுதது என்பது செல்வராசு சொன்னது. அவர் சும்மா சொல்கிறவர் இல்லை, அதுவும் நெல் நனைந்த அன்றைக்கு.

அவர் மனைவி சர்க்கரையைக் கொண்டுவந்து அம்மாவின் நாக்கில் வைத்தாள். பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. நான் திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, படுத்தபடியே, "நம்ம நெல்ல யாராச்சும் அள்ளுனாங்களா?" என்று கேட்டாள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதன்பிறகு அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாமல் போயிற்று. எனக்கு நேர்ந்த கஷ்டங்களில் அதுவும் ஒன்று. அவரோ போகிற வருகிற எல்லாரையும் நிறுத்தி, "ஓவர்ஃப்ளோ கட்ஆஃப ஓவர்ரைடு பண்ணிட்டேங்க" என்று விளக்கினார். மீன்காரருக்கும் விளக்கினார். மீன்காரர் அப்படியா என்று கேட்டுக்கொண்டு, மத்தி வேணுமா என்றார். செல்வராசு மட்டும் அந்தப் பெருமையில் சேரவில்லை. "உசிரக் காப்பாத்துனது நல்லதுதான். அதுக்கு அந்தம்மா நெல்லு மேலயே ஊத்தக்கூடாதா?" என்பார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை வந்துவிட்டது. "உசிரக் குடுத்த மனுசன் மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாமயே இருக்கேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஆசையை ஹப் நிறைவேற்றி வைத்தது. அது பழுதாகி, பெல் ஊமையாகிவிட்டது. சித்தப்பா செத்தபோது வராதவர், அண்ணன் மகள் கல்யாணத்துக்கு போன் வழியாகவே அட்சதை போட்டவர், ஹப் பழுதானதும் புது ஹப்போடு அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டார்.

கார் வந்து நின்றபோது தெருவே கூடியிருந்தது. இறங்கியவரைப் பார்த்து எல்லாருக்கும் ஏமாற்றம். அந்தக் குரலுக்கு நாங்கள் மனதில் கட்டியிருந்த உடம்பு பெரியது. இவர் ஒல்லியாக, காதைச் சுற்றி மட்டும் நரைமுடியோடு, தொளதொளச் சட்டையில் இருந்தார். செல்வராசு முன்னால் போய், "வாங்க சார், பிரயாணமெல்லாம் சௌரியமா?" என்றார். அவர் "ம்" என்றார். இன்னொருவர் ஏதோ கேட்டார். அதற்கும் "ம்". எங்கள் செருப்புகளைப் பார்த்தபடியே நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாபு வந்து ஹப்பை மாற்றும்வரை அந்த வீட்டில் சத்தமே இல்லை. பேச்சுக்கு மட்டுமல்ல, கடைக்குக்கூட அவர் வெளியே வரவில்லை. சாப்பாடு திருத்துறைப்பூண்டி ஓட்டலிலிருந்து வந்தது. பாபு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் பெல் கனைத்தது.

"யாரு அது, கேட்டுக்கு நேரா சைக்கிள நிறுத்துறது?"

சைக்கிள்காரன் அரண்டுபோய் மாடியைப் பார்த்தான். ஜன்னல் திரைக்குப் பின்னால் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எங்கள் வீட்டிலிருந்தே தெரிந்தது. தலையை நீட்டிச் சொன்னால் முடிகிற விஷயம் போனுக்குப் போய், அங்கிருந்து ஏதோ ஒரு தேசத்துக்குப் போய், திரும்பி வந்து அவருடைய கேட்டிலேயே பேசியது.

அன்று எனக்கு லீவு. சாயங்காலம் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். மணியை அழுத்தினாள்.

"வாங்கம்மா! உடம்பு எப்படி இருக்கு? காலு வீக்கம் வத்துச்சா?" என்றது பெல், உற்சாகமாக.

"தேவலைங்க. கதவத் தொறங்க. உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்."

பெல் தயங்கியது. "லாக்கு கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்க."

ஓட்டல் பையன் மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தபோது அதே லாக் சமர்த்தாகத் திறந்ததை நான் பார்த்திருந்தேன். அவருக்குக் கூச்சமா, அல்லது அந்த வாசலுக்கு இருந்த பழைய வழக்கமா? "வாம்மா, போகலாம்" என்று அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு கேட்டுக் கம்பியைப் பிடித்தாள்.

"லாக்கு மக்கர் பண்ணா என்னங்க, கையால தொறங்களேன்."

அம்மா கம்பியை விடவில்லை. பிறகு உள்ளே தாழ்ப்பாள் உரசும் சத்தம். கதவைத் திறந்துகொண்டு பனியன் வேட்டியோடு அவர் வந்தார். கேட்டையும் கையாலேயே இழுத்துத் திறந்தார். அம்மா நேராக நடந்து போய் முன்வாசல் படியில் உட்கார்ந்தாள். அவர் எதிரே நின்றார். அம்மா அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"ரொம்ப எளச்சிருக்கீங்க" என்றாள் அம்மா.

அவர் உதட்டை அசைத்தார். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். உள்ளே போய்ச் சமையலறையில் பாத்திரங்களை உருட்டினார். அந்த வீட்டின் அத்தனை சுவிட்சும் தெரிந்தவருக்கு டம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கடைசியில் பூஜை அறை வெள்ளி டம்ளரில் தண்ணீரோடு வந்து நீட்டினார்.

அம்மா டம்ளரை வாங்கி ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்தாள். அவள் எப்போதும் அண்ணாந்துதான் குடிப்பாள். அன்றைக்கு வாய் வைத்துக் குடித்தாள், மெதுவாக, கடைசிச் சொட்டுவரை.

அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார். நெற்றி வேர்த்திருந்தது. "ஒரு நிமிசம்" என்று முனகிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நாங்கள் விழித்துக்கொண்டிருந்தோம். கேட்டுத் தூணிலிருந்து குரல் வந்தது, கணீரென்று, "இப்ப சொல்லுங்கம்மா! வெறும் வயித்துல எவ்வளவு இருக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. எழுந்து போய் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தாள். நான் வீட்டுக்குப் போய் விளக்கேற்றி, மாவு கரைத்து, தோசை ஊற்றும்வரை பேச்சு ஓடியது. வெந்தயம், மகன், பேரன், தூக்கம், மறுபடி வெந்தயம்.

கடைசியில் அம்மா, "சரிங்க, நேரமாச்சு. நாளைக்கு வரேன்" என்றாள்.

"எத்தன மணிக்கு வருவீங்க?" என்றார் அவர்.

"எத்தன மணிக்கு வந்தா என்னங்க? பாத்துக்கிட்டேதான இருக்கப் போறீங்க" என்று சொல்லிவிட்டு அம்மா தெருவைக் கடந்து வந்தாள்.